கழுவாத கப்

அருவருப்பு என்பது அவளுக்குச் சுலபத்தில் வருகிற சமாச்சாரம் அல்ல. பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவள் அவள். இரத்தம் உறைந்த குழாய், சளி ஒட்டிய தட்டு, உள்ளே என்ன இருந்தது என்று கேட்காமலிருப்பதே நல்லது என்கிற குப்பி, எல்லாம் அவள் கைக்கு வந்து பளிச்சென்று திரும்பிப் போகும். வேலை முடிந்த சூட்டோடு உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிடுவாள். கூட வேலை செய்கிறவர்கள், "உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று கேலி செய்வார்கள். மூக்கெல்லாம் நன்றாகவே இருந்தது. அழுக்கு என்றால் கழுவினால் போகும், இதில் முகம் சுளிக்க என்ன இருக்கிறது என்று நினைக்கிறவள்.

அப்படிப்பட்டவளுக்கே அன்று காலையில், லிஃப்ட் கம்பெனியின் பட்டறை நடுவில் நின்றபோது, வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது.

அவள் அங்கே போனது ஒரு நாற்காலிக்காக. பட்டறை மூலையில் புகார் வாங்குகிற மேசை ஒன்று உண்டு. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அந்த மேசைப் போன்தான் அடிக்கும். எடுத்துப் பேசி, எந்த மெக்கானிக்கை எங்கே அனுப்புவது என்று சொல்ல வேண்டும். அங்கே இருந்த பெண் வேலையை விட்டுவிட்டாள் என்று தெரிந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் புருஷனால் இனி ஏற முடியாது, குனிய முடியாது, பாரம் தூக்க முடியாது. உட்கார முடியும். லிஃப்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இதைவிடப் பொருத்தமான வேலை வேறு எங்கே கிடைக்கும்?

பட்டறையில் அவருக்கு 'முப்பது' என்று பெயர். முப்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுபோனபோது, கருவிப்பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறியே உச்சிக்குப் போனவர். அப்படி ஏறின மனுஷன், இரண்டு வருஷத்துக்கு முன்னால், சின்ன மூன்று மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று எண்ணெய் போடும்போது சறுக்கி, லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் விழுந்தார். ஓரத்தில் இருக்க வேண்டிய தடுப்புக் கம்பி இல்லை. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. அப்போதிருந்த மேலாளர் ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோடு வந்தார். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தபடியே, "கவனக்குறைவுதான் காரணம்னு எழுதியிருக்கோம், வேற வழியில்லை," என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் கம்பெனி எல்லா மெக்கானிக்குகளுக்கும் இடுப்பில் மாட்டுகிற பெல்ட் வாங்கிக் கொடுத்தது. மேலாளர் பதவி உயர்வோடு வேறு ஊருக்குப் போனார். முப்பது வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் ஜன்னலோர நாற்காலியோடு நாற்காலியாக ஆகிவிட்டார். அவள் வேலைக்குப் போகும்போது எப்படி உட்கார்ந்திருந்தாரோ, திரும்பி வரும்போதும் அப்படியே உட்கார்ந்திருப்பார். புகார் மேசையைப் பற்றிச் சொன்னதும் எரிந்து விழுந்தார்.

"மேல ஏறினவன் நான். போனை எடுத்து 'சொல்லுங்க, சொல்லுங்க'ன்னு கிளிப்பிள்ளை மாதிரி பேசச் சொல்றியா?"

"இங்க யாரோடயும் பேசாம சுவரைப் பார்த்துட்டு உட்கார்றதுக்கு அது எவ்வளவோ மேல்," என்றாள் அவள்.

கெஞ்சினாள், திட்டினாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். கடைசியில் அவராகவே, "சட்டையை இஸ்திரி போட்டு வை," என்றார். இஸ்திரி போட்டாள். அவருடைய பழைய பிளாஸ்கைத் தேடி எடுத்து டீ ஊற்றினாள். அவர் வேலைக்குப் போன காலத்தில் அந்த பிளாஸ்கின் மூடியில்தான் குடிப்பார். வேறு எதிலும் வாய் வைக்க மாட்டார். ராத்திரி ராத்திரி அந்த மூடியைத் தேய்த்துக் கவிழ்த்தவள் அவள்தான்.

இருவரும் பட்டறைக்குள் நுழைந்தபோது வேலை தொடங்குகிற நேரம். கிரீஸ் வாடை, சுருட்டி வைத்த இரும்புக் கயிறுகள், சுவரோரம் கழற்றிப் போட்ட கதவுகள், எல்லாம் பழையபடியே இருந்தன. ஆட்கள்தான் புதுசு. மெக்கானிக்குகள் எல்லோரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். காதில் பென்சில் செருகியிருந்த ஒருவன் இவர்களைப் பார்த்து, "கொஞ்சம் அப்படி ஓரமா நில்லுங்க, சடங்கு முடிஞ்சிடட்டும்," என்று கிசுகிசுத்தான்.

வரிசையின் முன்னால் ஒரு மேசை. அதன்மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே குட்டி விளக்கின் வெளிச்சத்தில் ஒரு கப் இருந்தது. கப் என்று பிடியை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. வெளிப்புறம் முழுக்க கிரீஸும் கைரேகையும் தடித்துப்போய் அதன் நிறம் என்னவென்றே தெரியவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்த இளவயது மேலாளர் மணியை அடித்தார். ஒருவர் கண்ணாடி மூடியைத் தூக்கினார். அப்போது ஒரு புளித்த நெடி வந்தது பாருங்கள், பரிசோதனைக்கூடத்தில்கூட அவள் அப்படி ஒன்றை முகர்ந்ததில்லை. உள்ளே பழைய டீ, ஆடை கட்டி, ஓரத்தில் பச்சையாக எதுவோ படர்ந்து கிடந்தது. அதன்மேலேயே புது டீயை ஊற்றினார்கள். பிறகு ஒவ்வொருவனாக வந்து சுண்டுவிரலை உள்ளே முக்கி, இடுப்பு பெல்ட்டில் ஒரு பொட்டுத் தொட்டு, மிச்சத்தை நாக்கில் வைத்துக்கொண்டான். அடுத்தவன் அதே டீயில் தன் விரலை விட்டான். ஒருவன் நகத்தடியில் கறுப்பாக என்னவோ இருந்தது. அது கரைவதை அவள் கண்ணால் பார்த்தாள்.

மூலையில் புகார் மேசைப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

"போன் அடிக்குதே," என்றாள் அவள்.

"சடங்கு நேரத்துல எடுக்க மாட்டோம்கா," என்றான் காதில் பென்சில்.

சடங்கு முடிந்ததும் மேலாளர் இவர்களை வாடிக்கையாளர்கள் என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தார். ஆள் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "ஆச்சரியமா இருக்கா? வெறும் சம்பளத்துக்கு வேலை பார்த்தா மனசு ஒட்டாது. நமக்குன்னு ஒரு மரபு வேணும். இல்லைன்னா நாமளே உண்டாக்கிக்கணும்," என்று சுற்றிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். தேய்ந்த போல்ட்டுகளைப் பூந்தொட்டியில் அடக்கம் செய்கிறார்களாம். லீவில் போகிறவன் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி வைக்கிறார்களாம். புது வேன் வந்தால் எல்லோரும் அதன் கண்ணாடியில் வாயால் ஊதி, சட்டைக் கையால் துடைக்கிறார்களாம். கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் மாற்றுகிற நாளில் பழைய பாஸ்வேர்டை எல்லோரும் சேர்ந்து சத்தமாக மூன்று முறை சொல்லி வழியனுப்புகிறார்களாம். சொல்லச் சொல்ல அவர் கண் மின்னியது.

"ஆனா இந்தக் கப்தான் எல்லாத்துக்கும் மூலம்," என்றார்.

காதில் பென்சில் ஆர்வத்தோடு முந்திக்கொண்டான். "முப்பது அண்ணனோட கப்புங்க. லிஃப்ட் அறுந்து விழப் போன நேரத்துல, உள்ள இருந்த மூணு பேரைத் தூக்கி வெளிய விட்டுட்டு, தான் மட்டும் குழிக்குள்ள விழுந்து உயிரை விட்டாரு. பாதி டீ குடிச்சுட்டுப் போனவரு திரும்பவே இல்லை. அன்னிலேருந்து இந்தக் கப்பைக் கழுவுனதே கிடையாது. ரெண்டு வருஷமா ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழலை."

முப்பது கைத்தடியை ஊன்றியபடி, "யாரு உயிரை விட்டாரு?" என்று கேட்டார்.

"முப்பது அண்ணன்."

"உயிரை விட்டவருக்குத்தான் காலையில நான் சட்டை இஸ்திரி போட்டேன்," என்றாள் அவள். "இதோ நிக்கிறாரு, நல்லாப் பார்த்துக்கோ."

யாரும் நம்பவில்லை. சிரித்தார்கள். நல்லவேளையாக அப்போது 'பாட்டரி' உள்ளே வந்தார். பழைய ஆட்களில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். எப்போதும் பையில் டார்ச் இருக்கும், அதில் பாட்டரி மட்டும் இருக்காது, அதனால் அந்தப் பெயர். முப்பதைப் பார்த்ததும் ஓடிவந்து, "அண்ணே!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு கப்பைப் பார்த்தார், எல்லோர் முகத்தையும் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"நான் செத்துட்டார்னெல்லாம் சொல்லலை அண்ணி," என்றார் அவளிடம். "அண்ணன் விழுந்த அன்னிக்கு மேசைமேல இந்தக் கப்புல பாதி டீ இருந்துச்சு. அவரு திரும்பி வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்னு அழுதுட்டே சொன்னேன். அவ்வளவுதான். அப்புறம் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை தொட்டுட்டுப் போனேன். அடுத்தவனும் தொட்டான். அது பாட்டுக்கு வளர்ந்துடுச்சு."

அந்த அழுகை உண்மை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அழுத மனுஷன் இந்த இரண்டு வருஷத்தில் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தது ஒரே ஒரு தடவை. கப்பைத் தினமும் பார்த்திருக்கிறார்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அவள் வாய்வரை வந்து நின்றது. அது அவருடைய கப்பே இல்லை. அவருக்கு இங்கே கப் என்று ஒன்று இருந்ததே கிடையாது.

அவள் வாயைத் திறப்பதற்குள் மேலாளர், "அப்போ இது நிஜமாவே உங்க கப்பா சார்?" என்று கேட்டார்.

முப்பது கப்பைப் பார்த்தார். வரிசையாக நின்ற இளவட்டங்களைப் பார்த்தார். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு வருஷமாக அவர் முகத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"ஆமா. என் கப்தான்," என்றார்.

அவள் கையிலிருந்த பையில் அவருடைய பிளாஸ்க் கனத்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள். காதில் பென்சில் தயங்கித் தயங்கி முன்னால் வந்து, "அண்ணே, அடிபட்ட இடத்தை ஒரு தடவை தொட்டுக்கலாமா?" என்று கேட்டான். முப்பது தலையாட்டினார். அவன் இடுப்பைத் தொட்டு, அந்தக் கையைத் தன் பெல்ட்டில் ஒற்றிக்கொண்டான். உடனே அவனுக்குப் பின்னால் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. ஒவ்வொருவனாக வந்து அந்த இடுப்பைத் தொட்டான். சிலர் அழுத்தித் தொட்டார்கள். வலி பொறுக்காமல் அவர் பல்லைக் கடிப்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த இடுப்புக்குத்தான் அவள் மருந்து தடவினாள், ஒத்தடம் கொடுத்தாள், கழிவறைக்குத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனாள். அங்கே ஊர்க்காரன் கையெல்லாம் பட்டது. அவரோ நெஞ்சை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டு நின்றார். சீ என்று இருந்தது அவளுக்கு. அவர்களைப் பார்த்து மட்டும் அல்ல, கட்டின புருஷனைப் பார்த்தும்தான்.

"நாங்க வந்தது அந்த நாற்காலிக்கு," என்றாள் அவள் சத்தமாக. "புகார் மேசை. இவரு உட்கார்ந்து பார்ப்பாரு."

மேலாளரின் முகம் விழுந்துவிட்டது. அவர்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இவரு தினமும் இங்க உட்கார்ந்து கொட்டாவி விட்டு, மூக்கு சிந்திட்டு இருந்தா பசங்க மனசுல இருக்கிறது போயிடும். அதுக்கு பதிலா மாசத்துல ஒரு நாள் வரட்டும். அவரு கையாலயே கப்புல டீ ஊத்தட்டும். நானே வேன் அனுப்புறேன். பசங்க சொல்ற கதையைக்கூட நாம மாத்த வேண்டாம். இறந்தவரு திரும்பி வந்துட்டாருங்கிறது இன்னும் நல்லாத்தான் இருக்கும்."

"செத்தவருக்குக் கண்ணாடிப் பெட்டி உண்டு. உயிரோட வந்தவருக்கு ஒரு நாற்காலி கிடையாதா?"

"அப்படி இல்லைங்க மேடம்..."

"பெல்ட் வாங்கிக் கொடுத்தாங்க, அதனால உங்க பசங்க விழலை. இவருக்கு முன்னாடியே வாங்கிக் கொடுத்திருந்தா இவரும் விழுந்திருக்க மாட்டாரு. இதுல கப் எங்கேருந்து வந்துச்சு?"

மேலாளர் கண்ணாடிப் பெட்டி பக்கம் பார்த்தார். முப்பதுதான் அவள் முழங்கையைத் தொட்டு, "விடேன். மாசம் ஒரு நாள்னா அதுவும் மரியாதையாத்தானே இருக்கு," என்றார்.

மரியாதை என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குள் என்னவோ அறுந்தது. கண்ணாடிப் பெட்டி இருந்த மேசைக்குப் போனாள். கண்ணாடி மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். கப்பை எடுத்தாள். "அக்கா! அக்கா, தொடாதீங்க!" என்று பத்துக் குரல்கள் அலறின. மெக்கானிக்குகள் கை கழுவுகிற தொட்டி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நாட்களில் அங்கேதான் டப்பா கழுவுவாள். நேரே போய்க் கப்பைக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்தது ஒழுகவில்லை. கட்டியாக வழுக்கி விழுந்தது. யாரோ ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். இத்தனை நாள் நாக்கில் வைத்துக்கொண்டது அதைத்தான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

குழாயைத் திறந்துவிட்டாள். கிரீஸ் போக்குகிற பொடியை அள்ளிப் போட்டு, அங்கே கிடந்த பிரஷை எடுத்து, உள்ளே, வெளியே, பிடியின் சந்து என்று வெறியோடு தேய்த்தாள். கறுப்புத் தண்ணீர் போனது, பிறகு பழுப்பு, பிறகு வெறும் நுரை. ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. வெள்ளைக் கப் ஒன்று வெளியே வந்தது. வெள்ளை மட்டும் இல்லை, அதன் வயிற்றில் ஒரு படமும் அச்சடித்திருந்தது. அவள் அதைத் தண்ணீரில் காட்டி, கட்டைவிரலால் துடைத்தாள்.

வாயெல்லாம் பல்லாகச் சிரித்தபடி, கழுத்தில் டையோடு, பழைய மேலாளர் அதிலிருந்து அவளைப் பார்த்தார். படத்துக்குக் கீழே 'எங்கள் அன்புக்குரிய சிறந்த மேலாளர்' என்று எழுதியிருந்தது.

அவள் சிரிக்கவில்லை. கப்பைக் கொண்டுபோய்ப் புருஷன் கண்முன் நீட்டினாள்.

"உங்க கப்தானே? இந்தாங்க."

முப்பது பார்த்தார். பாட்டரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இந்த ஆளா!" என்றார். "அன்னிக்கு போனைக் காதுல வச்சுட்டு, டீயைப் பாதியில விட்டு எழுந்து ஓடினது இவருதானா? அழுத கண்ணுக்குப் படம் தெரியலையே! இவரு எச்சிலையா நான்..." தரையில் துப்பிவிட்டு, சட்டைக் கையால் நாக்கைத் துடைத்துக்கொண்டார். இளவட்டங்கள் ஒருவர் தோளுக்குமேல் ஒருவர் எட்டி அந்தப் பல்லைப் பார்த்தார்கள்.

"யாருண்ணே இவரு?" என்று கேட்டான் காதில் பென்சில்.

முப்பதுக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. "தடுப்புக் கம்பி போடாம என்னை ஏத்திவிட்டவரு," என்றார். "கவனக்குறைவுன்னு எழுதினவரு. நான் யாரையும் காப்பாத்தலைப்பா. லிஃப்ட்ல ஒருத்தருமே இல்லை. வெறும் பெட்டி. எண்ணெய் போட ஏறினேன், சறுக்கினேன். அந்தக் கப்பும் என்னுது இல்லை."

மேலாளர் மெதுவாக, "இதை வெளிய சொல்லணும்னு அவசியம் இல்லை. படத்தைப் பின்பக்கமா திருப்பி வச்சுட்டா..." என்று ஆரம்பித்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

புகார் மேசைப் போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. யாரும் நகரவில்லை. முப்பது கைத்தடியை ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து, அந்த மூலைக்கு நடந்து போனார். நாற்காலியில் உட்கார்ந்தார். போனை எடுத்தார்.

"சொல்லுங்க... எத்தனாவது மாடியில நிக்குது? உள்ள எத்தனை பேர்? பயப்படாதீங்கம்மா, காத்து வரும். கதவை மட்டும் நீங்களா திறக்காதீங்க. எவ்வளவு நேரமா நிக்குது? அவ்வளவு நேரமா?" போனைக் கையால் மூடிக்கொண்டு பாட்டரியைப் பார்த்துக் கத்தினார்: "ஒரு பொம்பளை குழந்தையோட மாட்டிட்டு இருக்கா. நீங்க சுண்டுவிரலை நக்கிட்டு இருந்த நேரம் பூரா அடிச்சது அவதான். ஓடுங்கடா!"

ஓடினார்கள். அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்புகிற தைரியம் மேலாளருக்கு வரவில்லை.

இப்படியாக வேலை கிடைத்தது. கதை இங்கே நின்றிருந்தால் அவளுக்கும் நிம்மதி. மனுஷர்கள் நிற்க விட்டால்தானே?

ஒரு மாதம் கழித்து, சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பிய முப்பது நல்ல உற்சாகத்தில் இருந்தார். மேலாளர் புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறாராம். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வரிசையாக நின்று, அந்தத் தொட்டியில் ஆளுக்கொரு கப்பைக் கழுவுகிறார்களாம். அதற்கு 'அக்கா கழுவல்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். அவள் தேய்த்த பிரஷை மட்டும் யாரும் உபயோகிக்கக் கூடாதாம். அது இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதாம், அதே விளக்கோடு.

"என் பேரை எதுக்கு இழுக்கிறாங்க அந்தக் கிறுக்கனுங்க?" என்று அவள் பொரிந்தாள். அவர் பையைப் பிடுங்கி, சாப்பாட்டு டப்பாவையும் பிளாஸ்கையும் எடுத்துத் தொட்டியில் போடப் போனாள்.

"அந்த பிளாஸ்க் மூடியை மட்டும் விட்டுடு," என்றார் முப்பது, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஏன்?"

"பசங்க ஆசைப்படறாங்க. நான் நிஜமா குடிக்கிறது அதுலதானே. கொஞ்ச நாள் கழுவாம இருக்கட்டும்னு..."

அவள் மூடியைத் திருகி எடுத்தாள். உள்ளே டீ காய்ந்து வளையம் வளையமாக நின்றது. இரண்டு மூன்று நாளாக அவரே டீ ஊற்றிக்கொண்டு போய், திரும்பி வந்ததும் டப்பாவை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு பிளாஸ்கைப் பையிலேயே ஒளித்து வைத்திருந்தது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். புளிக்கத் தொடங்கியிருந்தது. விளிம்பில் யாருடையதோ கிரீஸ் விரல் பதிந்திருந்தது.

ஒரு கணம் அதைச் சுவரில் விட்டெறியலாம் போல இருந்தது. எறியவில்லை. அவர் கையைப் பிடித்துத் தொட்டிக்கு அழைத்துப் போனாள். மூடியை ஒரு கையிலும் பிரஷை மறு கையிலும் திணித்தாள்.

"செத்தவன் கப்பை என்ன வேணா பண்ணிக்கட்டும்," என்றாள். "உயிரோட இருக்கிறவன் கப்பைத் தினமும் கழுவணும். இனிமே நீங்களே கழுவுங்க."

இடுப்பு வலிக்கும், குனிய முடியாது என்று அவர் சொல்லப் பார்த்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, குழாயைத் திறந்து, தேய்க்க ஆரம்பித்தார். கழுவி முடித்து நீட்டியபோது அவள் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவை கழுவச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.